பிந்தி வருபவருக்கு ஒரு துண்டு மீன்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அவரைவிட மூத்தவர்கள். அப்படி எவரும் மிஞ்சவில்லை. அடுத்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் பள்ளிக்கூடத்தை விட்டேன், இரண்டு பேருக்கும் நிம்மதி. எழுத்துப் பிழை இருந்தால் அக்காவின் மகளிடம் சொல்லுங்கள். திருத்தியவள் என் பெறாமகளான அவள்தான். கதையைத் திருத்த நான் விடவில்லை.

அக்கா மன்னார்த் தீவில், கோயில் மணி கேட்கிற தூரத்தில், கடற்றொழில் செய்கிற வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பிறந்தபோது அவர் அழவில்லை என்று அம்மா சொல்லுவார். பிறகும் அவர் அதிகம் அழவில்லை. மற்றவர்களை அழவைக்கிற பொறுப்பைச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டார். அதில் பெரிய பங்கு எனக்குத்தான் கிடைத்தது. தலை வாரி இழுப்பது, பாடம் கேட்பது, பூசையில் சிரித்தால் கிள்ளுவது எல்லாம் அவர். என் இடது கையில் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. அது அக்காவின் கிள்ளு என்று நான் சொல்லுவேன், நாய் கடித்தது என்று அவர் சொல்லுவார். இனி என் சொல்தான் சொல்.

எங்கள் வீட்டில் பெரிய வெள்ளிக்கு அடுப்பு மூட்டமாட்டோம். அதனால் வியாழக்கிழமையே அம்மா மீனைப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் கடுகும் போட்டு, வினாகிரி என்கிற புளிக்காடியில் ஊறவைத்துவிடுவார். அதை வினாகிரி மீன் என்போம். அந்த வேலையை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டவர் அக்கா. எனக்கு வெங்காயம் உரிக்கிற வேலை. பார்த்தீர்களா, அங்கேயும் அழுகை எனக்கு.

அக்கா கலியாணம் செய்து இரண்டு பிள்ளைகள் பெற்றார். மூத்தவன் மகன், இளையவள் மகள். அத்தான் ஒரு நாள் கடலுக்குப் போனார். வள்ளம் வந்தது, அவர் வரவில்லை. அதற்குப் பிறகு நாட்டில் சண்டையும் வந்தது. பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு அக்கா இத்தாலிக்கு வெளிக்கிட்டார். வெளிக்கிட முன் மடு மாதாவிடம் போய் ஒரு நேர்த்தி வைத்தார். கூடப் போனவள் நான், அதனால் எனக்குத் தெரியும். மெழுகுதிரி, மொட்டை, மாலை என்று மற்றவர்கள் வைக்கிற நேர்த்தி அக்காவுக்குக் காணாது, இன்னும் பெரிதாக வேண்டும்.

"இரண்டு பிள்ளையளும் என்ரை பக்கத்திலை வந்து சேரும் வரைக்கும் நான் இருந்து சாப்பிடமாட்டன்" என்றார்.

"அப்ப எப்பிடிச் சாப்பிடுவீங்கள்?" என்று கேட்டேன்.

"நிண்டு."

"அது நேர்த்தி இல்லை அக்கா, அது கலியாண வீட்டிலை பந்தி பாக்கிற வேலை."

அன்றும் ஒரு கிள்ளு கிடைத்தது.

சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவுக்கு வந்த அக்கா, கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவின், அதாவது வீட்டு அம்மாவின், வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னால் என்னையும் அங்கே கூப்பிட்டார். அந்த சிஞ்ஞோரா இந்த ஊர்க்காரர் இல்லை. ஸ்பெயினின் தெற்குக் கரையிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். கணவர் இறந்து, பிள்ளைகள் வடக்கே போய், அவரும் பெரிய வீடும் வேலை செய்யாத லிஃப்டும் மட்டும் மிஞ்சியிருந்தார்கள். அக்கா ஒரு நாள் மத்தியானம் குசினியில் அடுப்பருகே நின்றபடி, தான் கொண்டுபோன வினாகிரி மீனைப் பாண் ரொட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். மணம் பிடித்து சிஞ்ஞோரா எழும்பி வந்து, ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாராம்.

"இது எங்கட அம்மாவின்ரை மீன். உங்களுக்கு ஆர் காட்டித் தந்தது?" என்று கேட்டார். அவர் கேட்டது இத்தாலியத்தில். எனக்கு எழுதத் தெரிந்த ஒரே பாஷையில் எழுதுகிறேன்.

"எங்கட அம்மா" என்றார் அக்கா.

அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அந்த வீட்டில் வினாகிரி மீன். இரண்டு பேரும் சண்டைபிடிக்காத நாளும் இல்லை. சிஞ்ஞோராவின் கணக்கில் உலகத்தில் உள்ள நல்ல சாப்பாடெல்லாம் அவருடைய ஊரிலிருந்து போனது. ஸ்பெயின் ராஜாக்கள் சிசிலியை ஆண்ட காலத்தில் அவர்களுடைய சமையற்காரர்கள் வந்துதான் இந்த ஊருக்குச் சமைக்கக் காட்டிக் கொடுத்தார்களாம். பலெர்மோக்காரர் தலையில் வைத்துக் கொண்டாடுகிற கஸ்ஸாத்தா கேக்கின் அடியில் கிடக்கிற மெத்தென்ற கேக்குக்கு இன்றும் ஸ்பெயின் பாண் என்றுதான் பெயர். அதில் அவர் சொன்னது சரி. தக்காளியும் மிளகாயும் கடல் தாண்டி வந்ததும் தங்கள் கப்பலில்தான் என்று ஒரு நாள் சொன்னார்.

"மிளகாய் வர முந்தி உங்கட ஊரிலை கறி எப்பிடி வைச்சவை?" என்று அக்காவிடம் கேட்டார்.

"மிளகு போட்டு" என்றார் அக்கா. நானும் அன்று அங்கே துணி மடிக்கப் போயிருந்தேன். "அதுதான் அந்தக் காலத்து ஆக்கள் எல்லாருக்கும் அமைதியான குணம்" என்று நான் சொன்னேன். சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து இருமினார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் மிளகாய் இருந்தது.

இந்த மீன் யாருடையது என்ற வழக்கு வீட்டோடு நிற்கவில்லை. பல்லரோச் சந்தையில் எங்களுக்கு மீன் தருகிற மீன்காரர், அது பலெர்மோவின் சாப்பாடு, சீனி போடாமல் அக்கா அதைக் கெடுக்கிறார் என்பார். எங்கள் மாடிக்குக் கீழே இருக்கிற மொரீசியஸ் மச்சாள், அவரும் தமிழ்ப் பரம்பரைதான், வேலும் மயிலும் படத்தில் வைத்துக் கும்பிடுகிறவர், அவர் மஞ்சளும் கடுகும் கூடப் போட்டு அதேபோல ஒன்று செய்து அதை விந்தாய் என்பார். "இது எங்கட தீவின்ரை" என்று சத்தியம் பண்ணுவார். மன்னாருக்கு அது போர்த்துக்கேயரோடு வந்திருக்கும் என்று எங்கள் சாமியார் சொன்னார். போர்த்துக்கேயரும் ஸ்பெயின்காரரும் ஒன்றுதானே என்று நான் சிஞ்ஞோராவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் விளங்கியது, அது மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒன்றுதானே என்று எங்களிடம் சொல்வதுபோல.

கடைசியில் ஒரு நாள் சிஞ்ஞோராவே ஒத்துக்கொண்டார். அவர்களுடைய ஊருக்கும் அது அரபுக்காரர் கொண்டுவந்து கொடுத்ததுதானாம்.

"அப்ப நீங்களும் இரவல் வாங்கினதுதான்" என்றார் அக்கா.

"ஓம். ஆனா கப்பல்லை ஏத்தினது நாங்கள்" என்றார் சிஞ்ஞோரா. "மற்றச் சாப்பாடு ரெண்டு நாளிலை பழுதாப்போகும். வினாகிரியிலை போட்ட மீன் இருக்கும். அதாலைதான் எங்கட ஆக்கள் போன இடமெல்லாம் அது போச்சு. அது காத்திருக்கத் தெரிஞ்ச சாப்பாடு."

அக்கா அதைக் கேட்டதும் சட்டியைக் கழுவப் போனார். எனக்குக் காரணம் தெரியும்.

பத்திரங்கள் சரிவந்து பிள்ளைகளைக் கூப்பிடுகிற நேரம் மகள் மட்டும்தான் வந்தாள். மகன் அதற்கு முன்னரே சண்டை நடக்கிற வன்னிக்குள் போயிருந்தான். கடைசிச் சண்டைக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. இருக்கிறான் என்றும் எவரும் சொல்லவில்லை, இல்லை என்றும் எவரும் சொல்லவில்லை. அக்கா தேடாத இடம் இல்லை. கேட்காத ஆள் இல்லை. தொலைபேசியில் கதைத்துக் கதைத்து அவருடைய குரலே மாறிப்போனது. ஆனால் அழவில்லை. நேர்த்தியையும் விடவில்லை.

இரண்டு பிள்ளைகளும் என்று சொல்லியாயிற்று. ஒன்றுதான் வந்தது. அதனால் அக்கா நின்றுகொண்டே சாப்பிட்டார். மகளின் கலியாணத்தில் பந்தி பார்த்தபடி நின்றார். பேரப்பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை எடுத்த விருந்திலும் நின்றார். என்ன பணிவு, என்ன உபசாரம் என்று இந்த மலரை வாங்குகிற பலர் அவரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அது பணிவு இல்லை. பணிவு இருந்திருந்தால் என்னை இத்தனை தரம் கிள்ளியிருக்கமாட்டார்.

ஒவ்வொரு வியாழனும் வீட்டுக்கும் ஒரு போத்தல் மீன் செய்வார். அதில் ஒரு துண்டை எவரும் தொடக்கூடாது. ஏன் என்று அவர் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. புது மீன் செய்த பிறகுதான் பழைய துண்டு வெளியே வரும். அது எனக்கு. "எடி, இதை முடி" என்று சாப்பாட்டுக் கோப்பையில் போட்டுத் தருவார். இத்தனை வருடமும் என் பெறாமகனின் பங்கை நான்தான் சாப்பிட்டிருக்கிறேன். நான் இந்தப் பருமன் வந்ததற்கு அவன்தான் பொறுப்பு. வந்தால் அவனிடம் அதைக் கேட்க இருக்கிறேன்.

இதில் நோகிறவள் ஒருத்தி இருந்தாள். அக்காவின் மகள். ஒவ்வொரு நாளும் வேலையால் வந்து மேசையில் இருப்பாள். எதிரே தாய் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நிற்பார். ஒரு முறை குசினியில் வைத்து என்னிடம் கேட்டாள்.

"சின்னம்மா, நான் வந்தது அம்மாவுக்குக் காணாதோ?"

பகிடி விடுகிற வாய் எனக்கு. அன்று உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தேன்.

அம்மா தன்னோடு ஒரு தரம் இருந்து சாப்பிட வேண்டும். அந்தப் பிள்ளை கேட்டது அவ்வளவுதான். சாமியாரிடம் போய்ச் சொன்னோம். நேர்த்தியை மாற்றித்தர தன்னால் ஏலும் என்று அவர் அன்பாகச் சொன்னார். அக்கா கேட்டுவிட்டு, "நான் சாமியாரிட்டை நேர்த்தி வைக்கேல்லை" என்றார். வழக்கு முடிந்தது.

சிஞ்ஞோராவுக்கு நேர்த்தி ஒன்றும் தெரியாது. அவர் தன் மேசையில் இரண்டு கோப்பை வைத்து நாளாந்தம் கூப்பிடுவார். "பிறகு, சிஞ்ஞோரா" என்பார் அக்கா. தன்னோடு இருந்து சாப்பிட விருப்பமில்லாத மனிசி என்று சிஞ்ஞோரா மனதுக்குள் கவலைப்பட்டிருக்கிறார். உருளைக்கிழங்கு போட்டுத் தடிப்பாகப் பொரிக்கிற முட்டையை அவர்தான் வாயால் சொல்லி அக்காவுக்குப் பழக்கினார். அதற்குள் பச்சை மிளகாய் வெட்டிப் போட்டவர் அக்கா. சிஞ்ஞோராவின் சொந்தக்காரர் ஒருவர் ஸ்பெயினிலிருந்து வந்து அதைச் சாப்பிட்டு, இது பாவம் என்றாராம். சிஞ்ஞோரா அவருடைய கோப்பையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாராம்.

போன வருடம் அக்காவுக்கு வருத்தம் வந்தது. வைத்தியர்கள் செய்யக்கூடியதைச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கால் பலம் போனது. முதலில் சுவரில் சாய்ந்து நின்று கஞ்சி குடித்தார். பிறகு கதவைப் பிடித்து நின்று குடித்தார். நிற்கவே முடியாத நாள் வந்தபோது சாப்பாட்டை விட்டுவிட்டார். பசிக்கவில்லை என்றார். பொய் என்று எங்களுக்குத் தெரியும்.

"படுத்துக்கொண்டு குடியுங்கோவன் அக்கா" என்றேன். "நேர்த்தியிலை இருக்கிறதைப் பற்றித்தானே சொன்னனீங்கள். படுக்கிறதைப் பற்றி ஒண்டும் இல்லையே."

நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார். "உன்ரை புத்திக்கு நீ கோட்டிலை இருந்திருக்க வேணும்."

"எந்தப் பக்கம் அக்கா, வழக்காடுற அப்புக்காத்தோ, பிடிபட்ட கள்ளனோ?"

இரண்டு கரண்டி குடித்தார். மூன்றாவது புரையேறிப் பிரக்கடித்து, முகமெல்லாம் சிவந்து, மகள் பயந்துபோனாள். படுக்கவைத்து ஊட்டவேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். என் சட்டமும் தோற்றது. மகள் கட்டிலருகே கஞ்சிக் கோப்பையோடு இருப்பாள், ஆறினதும் எடுத்துப் போவாள், சூடாக்கிக்கொண்டு திரும்ப வருவாள். "எழும்பி இருங்கோ அம்மா, நான் பிடிக்கிறன்" என்பாள். அக்கா சுவரைப் பார்ப்பார்.

நான் கால்சாவுக்குப் போய் சிஞ்ஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியையும், மகனையும், எடுத்துவைக்கிற துண்டையும். நான் கடைசியில் சொன்னதைக் கேட்டதும் அவர், "அந்தத் துண்டை எத்தினை நாளைக்கு வைச்சிருப்பா?" என்று கேட்டார்.

"அடுத்த மீன் செய்யுமட்டும்."

அவர் எழும்பிக் குசினிப் பக்கம் போனார்.

அந்த வியாழன் எங்கள் படியில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், பல்லரோ மீன்காரரும் அவருடைய மச்சானும் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள். கதிரையில் சிஞ்ஞோரா. மடியில் துணியால் மூடிய மண்சட்டி. தொண்ணூறு வயதை எட்டுகிற அந்த மனுசி, ஒவ்வொரு திருப்பத்திலும் மீன்காரரை ஏசிக்கொண்டு வருகிறார்.

"சட்டி சரியுது, நிமித்திப் பிடி."

"சட்டியைப் பிடிக்கிறதோ உங்களைப் பிடிக்கிறதோ?"

"சட்டியை."

கலியாணம் செய்து வந்த பிறகு அவர் குசினியில் கை வைத்ததில்லை. அந்த மீனைத் தானே பொரித்து, தானே வினாகிரி ஊற்றிக் கொண்டுவந்திருந்தார். கையில் எண்ணெய் தெறித்த அடையாளம் இருந்தது. துக்கம் உள்ள வீட்டுக்கு அயலவர் சமைத்துக் கொண்டுபோவது இந்த ஊர் வழக்கம், எங்கள் ஊர் வழக்கமும்தான். ஆனால் அது ஆள் போன பிறகு. "பிறகு கொண்டுவந்து எனக்கென்ன பிரயோசனம், அவ இருக்கேக்கை சாப்பிடட்டும்" என்றார்.

மேசையைக் கட்டிலருகே இழுக்கச் சொன்னார். ஐந்து கோப்பை வைக்கச் சொன்னார். மகள் எண்ணிப் பார்த்துவிட்டு ஐந்தாவது ஆருக்கு என்று கேட்டாள். "எங்கட அண்ணனுக்கு" என்றார் சிஞ்ஞோரா. பிறகு அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நான் சின்னப்பிள்ளை. எங்கட நாட்டிலையும் சண்டை. அண்ணன் ஒரு நாள் விடியப் போனவர், வரேல்லை. அம்மா ஒவ்வொரு கிழமையும் இந்த மீன்தான் செய்வா. எப்ப வந்தாலும் பழுதாகாமல் இருக்கவேணும் எண்டு. அவ அடுப்படியிலைதான் நிப்பா. என்னோடை மேசைக்கு வரவேயில்லை. எனக்கு முன்னாலை ரெண்டு கதிரை வெறுங்கதிரை. ஒண்டு அண்ணன்ரை, மற்றது அம்மாவின்ரை. அண்ணன் காணாமற் போனவர். அம்மா வீட்டுக்குள்ளை நிண்டவ. கிழவியாப் போயும் அந்தக் கோவம் எனக்குப் போகேல்லை."

மீன்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா மகளைப் பார்த்தார். "பிள்ளை, உனக்கும் கோவமோ?"

"ஓம் அம்மா" என்றாள் அவள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதைச் சொல்ல அவளுக்கு எத்தனையோ வருடம் பிடித்தது.

அக்கா போர்வையைத் தள்ளினார். பிறகு, "கதிரையை இழு" என்றார்.

நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்து இருத்தினோம். முதுகுக்குத் தலையணை வைத்தோம். மகள் எதிரே இருந்தாள். அக்கா ஒரு துண்டை எடுத்து முதலில் ஐந்தாவது கோப்பையில் வைத்தார். அடுத்த துண்டை மகளின் கோப்பையில் வைத்தார். பிறகு தன் வாயில் வைத்து மெதுவாகச் சப்பினார். எல்லாரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வினாகிரி கூடிப்போச்சு" என்றார்.

"கை நடுங்கினது" என்றார் சிஞ்ஞோரா.

"சீனி போட்டிருக்க வேணும்" என்றார் மீன்காரர். மூன்று கிழவிகளும் ஒரே நேரத்தில் அவரை ஏசினோம். மகள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சாப்பிட்டாள்.

"மாதாவுக்கு என்ன சொல்லப்போறீங்கள்?" என்று நான் அக்காவிடம் கேட்டேன்.

"கெதியிலை நேரை போறன் தானே" என்றார். "கதைச்சுக்கொள்ளுறன்."

அதற்குப் பிறகு அக்கா எங்களோடு இருந்தது சில கிழமைகள்தான். அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு நேரமும் கதிரையில் இருந்து, மகளோடு சாப்பிட்டார். பெரிதாக ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரு வாய், இரண்டு வாய். ஆனால் மேசையில். கடைசி நாள் காலையில் மகள் ஊட்டின ஒரு கரண்டி கஞ்சியோடு, அவள் தோளில் சாய்ந்தபடி கண்ணை மூடினார். அவளுடைய கை தாயின் கைக்குள் இருந்தது.

வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும் நன்றி. நேர்த்தியில் தோற்றும் ஒவ்வொரு கிழமையும் நற்கருணை கொண்டுவந்த சாமியாருக்கு நன்றி. துக்க நாட்களில் எங்கள் அடுப்பை எரியவிடாமல் மூன்று நேரமும் சமைத்துத் தந்த மொரீசியஸ் மச்சாளுக்கும், கோயில் சனத்துக்கும் நன்றி. பெட்டியைத் தோளில் சுமந்தவர்களில் மீன்காரரும் ஒருவர், அன்று அவர் சீனியைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, அதற்குத் தனி நன்றி. சிஞ்ஞோராவுக்கு நன்றி சொன்னால் அவருக்குக் கோபம் வரும். அதனால் அவருடைய அண்ணனுக்குச் சேரும்படி ஒரு பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறோம்.

இப்போது வியாழக்கிழமைகளில் மீன் பொரிப்பவள் பெறாமகள். வெங்காயம் இன்னும் நான்தான் உரிக்கிறேன், இந்த வேலையில் எனக்குப் பதவி உயர்வு கிடையாது. ஒரு துண்டு எடுத்து வைக்கிறோம். அடுத்த வியாழன் அதை அவளும் நானும் பாதி பாதியாகப் பிய்த்து, மேசையில் இருந்து சாப்பிடுகிறோம்.

அக்காவின் ஆண்டுப் பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் சாப்பாடு. சோறு கறி இருக்கும், சிஞ்ஞோராவின் முட்டை பச்சை மிளகாயோடு இருக்கும், வினாகிரி மீன் இருக்கும். வேலையால் நேரே வருகிறவர்கள், பஸ் பிந்தியவர்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். மற்றது ஆறினாலும் அந்த மீன் உங்களுக்காகக் காத்திருக்கும்.

ஒன்றுதான் கேட்கிறோம். கோப்பையை வாங்கிக்கொண்டு சுவரோரம் நிற்காதீர்கள். எல்லாருக்கும் கதிரை போட்டு, ஒன்று கூடவும் போட்டிருக்கிறோம். வாங்கோ, இருந்து சாப்பிடுங்கோ.